ரெனி போன், ரெனி லேப்டாப்

அறுபத்திரண்டில் நின்றுவிட்டது. என் வயதும் அறுபத்திரண்டு என்று இந்த நெட் பெட்டிக்கு யார் போய்ச் சொன்னார்களோ. 'புதுப்பிக்கப்படுகிறது, மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டாம்' என்று என் போனில் எழுத்து வந்து எட்டு நிமிடம் ஆகிறது, ஐம்பது, ஐம்பத்தெட்டு, அறுபத்திரண்டு என்று நன்றாகத்தான் ஏறி வந்தது, பிறகு மேட்டில் மாட்டிய வண்டி போல அங்கேயே உட்கார்ந்துவிட்டது. மணி பத்து நாற்பத்து நாலு. பதினோரு மணிக்கு ரெனிக்கு மீட்டிங். பதினாறு நிமிடத்தில் முப்பத்தெட்டு சதவீதம் ஏறுமா என்று கணக்குப் போட்டுப் பார்க்கிறேன், ஒவ்வொரு தடவையும் வேறு விடை வருகிறது. நானா புதுப்பிக்கச் சொன்னேன்? மாடியிலிருந்த பெட்டியைக் கழற்றிப் படிக்கட்டுத் திருப்பத்தில் சொருகினேன், அவ்வளவுதான், அதுவாகவே ஆரம்பித்துவிட்டது. இப்போது மாடி அறையில் என் மகள் நெட் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறாள். பத்தரைக்கே சொல்லிவிட்டாள், "அம்மா, பதினோரு மணி வரைக்கும் எனக்கு ஒண்ணுமில்ல, என்ன பண்ணணுமோ அதுக்குள்ள பண்ணிக்கோ. மீட்டிங்ல மட்டும் புட்டுக்கிச்சுன்னா என்னால அவங்களுக்குப் பதில் சொல்ல முடியாது." அதற்கு முன்னால், போன வெள்ளிக்கிழமை, சாப்பாட்டுத் தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டே இன்னொன்றும் சொன்னாள். "அடுத்த வாரமும் இப்படியே கட்டாயிட்டிருந்தா ஞாயித்துக்கிழமை நான் பெங்களூர் கிளம்பிடறேன்மா. வேற வழியில்ல." அவள் லேசாகத்தான் சொன்னாள். நான் பாதிச் சோற்றோடு தட்டைக் கழுவ எழுந்துவிட்டேன். இன்று புதன்கிழமை. அறுபத்திரண்டு.

தப்பு என்னுடையதுதான், வேறு யாரைச் சொல்ல. எங்கள் வீடு பாலக்கரையில் ஒரு சந்துக்குள் பதினைந்தடி அகலத்தில் தொண்ணூறு அடி நீளத்துக்கு ஓடுகிறது, ஒரு அறைக்குப் பின்னால் ஒரு அறை, காசு கையில் சேரச் சேரக் கட்டியது, கடைசியில் பின்பக்கம் படி வைத்து மேலே ஒரே ஒரு அறை. அந்த அறைதான் வேண்டும் என்று ரெனி பிடிவாதமாக எடுத்துக்கொண்டாள். முன் ஹாலில் இருக்கும் நெட் அங்கே போய்ச் சேர்வதற்குள் செத்துவிடும். வழியில் மூன்று சுவர், இரண்டு இரும்பு பீரோ, படிக்கட்டுக்கு மேல் தண்ணீர்த் தொட்டி. மெஷ் வைஃபை வாங்குங்கள், ஒரு பெட்டி பேசுவதை அடுத்த பெட்டி வாங்கி அதற்கடுத்த பெட்டிக்குச் சொல்லும் என்று கடைக்காரர் சொன்னதும் சனிக்கிழமையே ஜோடியாக இரண்டு வாங்கிவந்துவிட்டேன். சொன்னதைக் காதில் வாங்கினேனே தவிர மண்டையில் ஏற்றவில்லை. முப்பத்தோரு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள் நான். ஆள் எங்கே உட்கார்ந்திருக்கிறாரோ அங்கே போனை வை, மீதியை வயர் பார்த்துக்கொள்ளும், எனக்குத் தெரிந்த சாஸ்திரம் அதுதான். அதனால் ஒரு பெட்டி ஹாலில், இன்னொன்றை நேராகக் கொண்டுபோய் ரெனியின் மேஜைமேல், அவள் முழங்கை இடிக்கிற தூரத்தில் வைத்தேன். லேப்டாப்பில் நாலு கோடும் முழுசாக நின்றது, நான் ஒரு பெருமைச் சிரிப்புச் சிரித்தேன், திங்கட்கிழமை மீட்டிங்கில் அவள் முகம் வாயைத் திறந்தபடி பாதியில் உறைந்துபோனதாம், செவ்வாய்க்கிழமை மூன்று தடவை. கஸ்டமர் கேர் பெண்ணுக்குப் பொறுமை அதிகம். "மேடம், சிக்னல் இல்லாத ரூம்ல வச்சா அந்த பாக்ஸுக்கே சிக்னல் இருக்காதே, அது எதைக் குடுக்கும்? பாதி வழியில வைக்கணும் மேடம், முதல் பாக்ஸ் அதைப் பாக்கணும், அது ரூமைப் பாக்கணும்" என்றாள். நேற்று சாயங்காலமே மூன்றாவதாக ஒன்றும் வாங்கினேன். ஆக ஹாலில் ஒன்று, படிக்கட்டுத் திருப்பத்தில் ஒன்று, மாடி அறை வாசலில் ஒன்று. மாடிப் பெட்டியை மாட்டியாயிற்று, அது படிக்கட்டுப் பெட்டி எழுந்திருப்பதற்காகச் சிவப்பு விளக்கோடு காத்துக்கொண்டிருக்கிறது. நானும் கீழே நாற்காலியில் காத்துக்கொண்டிருக்கிறேன். பத்து நாற்பத்தேழு.

படிக்கட்டுத் திருப்பத்தில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட். அதில் என்ன மாட்டியிருந்தது என்று நினைக்கக் கூடாது என்று இருக்கிறேன். அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். திரு இருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால் எரியும் சிவப்பு பல்ப். ஆறு மாதமாக இரவும் பகலும் எரிகிறது, ரெனிக்கு முதல் தடவை வலிப்பு வந்த செய்தி கிடைத்த அன்று நேர்ந்துகொண்டு போட்டது, அவளுக்கு முழுசாகக் குணமாகும்வரை அணைக்கமாட்டேன் ஆண்டவரே என்று. கரண்ட் போனால் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருக்கிறேன், இன்று பார்த்து வீட்டில் அதுவும் தீர்ந்துபோயிருக்கிறது. அதைத்தான் இன்று பத்து முப்பத்தாறுக்கு என் கையாலேயே பிடுங்கினேன். பிடுங்கும்போது, "அவளுக்காகத்தான், கொஞ்ச நேரம் பொறுத்துக்கோங்க" என்று வாய்விட்டுச் சொன்னேன், அந்த சமயம் பார்த்து இவர் கீழே நின்று சிரிக்கிறார். இவர் என்றால் என் வீட்டுக்காரர் சவரிமுத்து, பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், எதற்கும் பதறாத மனிதர், அந்த ஒரு குணத்துக்காகவே சில நாள் அவரைப் பிடித்துத் தள்ளலாம் போலிருக்கும். "ஒரு மல்டி பிளக் வாங்கிட்டு வந்தா ரெண்டையும் மாட்டலாமே பிலோ, ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டார்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். எலக்ட்ரிக் கடை தெருமுனையில். போய்ப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகிறது. வழியில் யாராவது ஓய்வு பெற்றவரைப் பார்த்திருப்பார், இரண்டு பேரும் பென்ஷனைப் பற்றிப் பேச ஆரம்பித்திருப்பார்கள். இங்கே படத்துக்கு முன்னால் இருட்டு. பகல் வெளிச்சம் ஜன்னல் வழியாக வரத்தான் செய்கிறது, ஆனாலும் எனக்கு இருட்டு. ஆண்டவர் எல்லாம் தெரிந்தவர், நெட்டுக்காகத்தான் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தால் மட்டும்? நேர்ந்தது நேர்ந்ததுதானே. ஆறு மாதத்தில் அணைந்திருக்கிற ஒரே நேரம் இது, இந்த நேரத்தில் ஏதாவது நடந்தால் நான் எந்த முகத்தோடு... போதும். அறுபத்து நாலு. நகர்ந்துவிட்டது. சேசுவே, நகர்ந்துவிட்டது.

முதல் தடவை ஆபீஸ் கேண்டீனில் வந்தது, சுற்றிலும் ஆள் இருந்தார்கள், தாங்கிப் பிடித்துவிட்டார்கள். இரண்டாவது தடவைதான். பெங்களூரில் அவள் தங்கியிருந்த ரூமில், பாத்ரூமில், உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு. கூடத் தங்கியிருந்த ஷர்மிளா, ஓசூர்ப் பெண், வேலைக்குப் போய்விட்டு மறந்த ஆபீஸ் சாவியை எடுக்கத் திரும்பி வந்திருக்கிறாள், தண்ணீர் ஓடுகிற சத்தம், கூப்பிட்டால் பதில் இல்லை. வாட்ச்மேன் வந்து கதவை உடைத்தார். நாற்பது நிமிடம் கிடந்திருக்கிறாள். அந்த நாற்பது நிமிடமும் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கணக்குப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டேன், பக்கத்து வீட்டு மேரியோடு புடலங்காய் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன், சிரித்துக்கூடப் பேசினேன். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. தாய்க்குத் தெரியும், வயிறு கலங்கும் என்றெல்லாம் சொல்வார்களே, ஒரு கலக்கமும் இல்லை, புடலங்காயை இரண்டாக ஒடித்துப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். அந்த ஒன்றுதான் என்னால் பொறுக்க முடியவில்லை. நரம்பு டாக்டர் நல்ல மாதிரியாகத்தான் சொன்னார், மாத்திரை விடாமல் போட வேண்டும், தூக்கம் கெடக் கூடாது, கதவைத் தாழ்ப்பாள் போடக் கூடாது, வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்தால் போதும். கையில் இரும்புச் சாவி கொடுக்கலாமா என்று கேட்டேன், சிரித்துவிட்டு, அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை அம்மா என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்து அன்றிலிருந்து சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து இறக்கவில்லை. டாக்டர் படித்தவர், நான் பார்த்துப் பயந்தவள். பாத்ரூம் தாழ்ப்பாள்களை இவர் ஸ்க்ரூ டிரைவர் வைத்துக் கழற்றினார். மாடி அறைத் தாழ்ப்பாளையும் கழற்றப்போனபோது ரெனி குறுக்கே நின்றாள். "போட மாட்டேன்ப்பா. சத்தியமா போட மாட்டேன். ஆனா அது இருக்கட்டும்." போடாத தாழ்ப்பாள் எதற்கு இருக்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. இவர் புரிந்த மாதிரி ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டார். சாயங்காலம் காபி குடிக்கும்போது, "அவளுக்கு முப்பத்தொண்ணு வயசு பிலோ" என்றார். நான் என்ன, நாலு என்றா சொன்னேன்?

எழுபத்தொன்று. பத்து ஐம்பத்தொன்று. மேலே சத்தமே இல்லை. சத்தமில்லாத லைன் எனக்கு ஆகாது, எப்போதுமே ஆகாது. எக்ஸ்சேஞ்சில் வெளியூருக்கு ட்ரங்க் கால் போட்டுக் கொடுத்தால் இரண்டு பக்கமும் ஹலோ சொல்கிறார்களா என்று கேட்டுவிட்டுக் கீயைத் தள்ளி நாம் விலகிவிட வேண்டும், அதற்குமேல் கேட்டால் பின்னால் நிற்கிற சூப்பர்வைசர் தோளில் தட்டுவாள். மூன்று நிமிடம் ஆனதும் மறுபடி உள்ளே போய், பேசறீங்களா என்று கேட்க வேண்டும். மூன்று தடவை கேட்டுப் பதில் வராவிட்டால் பேச்சு முடிந்தது என்று கட் செய்ய வேண்டும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், மத்தியான டூட்டி, பம்பாய்க்கு அவசர கால், காலையிலிருந்து காத்திருந்தவர்கள். இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் மகன். அப்பா சொன்ன முதல் வார்த்தை என் காதில் விழுந்துவிட்டது, "அம்மா போயிட்டாடா." உடனே விலகிவிட்டேன். மூன்று நிமிடம் கழித்துப் போய்ப் பேசறீங்களா என்றேன். சத்தமில்லை. பேசறீங்களா. சத்தமில்லை. மூன்றாவது தடவையும் கேட்டுவிட்டு கட் செய்தேன், அடுத்த ஆளுக்கு லைன் கொடுத்தேன், எவ்வளவு சுறுசுறுப்பான பெண் நான். அரை மணி கழித்து அந்தப் பெரியவர் மறுபடி கூப்பிட்டார். கோபமே இல்லை அந்தக் குரலில். "ஏம்மா கட் பண்ணிட்டீங்க? நாங்க பேசிக்கிட்டுத்தானே இருந்தோம்." "சத்தமே இல்லையே சார்" என்றேன். "ஆமாம்மா, சத்தம் இல்லாமத்தான் இருந்தோம்" என்றார். மறுபடி போட்டேன், பம்பாய் லைன் கிடைக்கவில்லை, அன்று முழுக்க, அடுத்த நாள் பாதிவரை கிடைக்கவில்லை. அன்றிலிருந்து மௌனம் என்றால் எனக்குக் குழப்பம். ஆள் போய்விட்டாரா, இருக்கிறாரா, விழுந்துகிடக்கிறாரா, அழுகிறாரா, காதுக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கிறது. மேலே ஒரு நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டால் போதும் எனக்கு. ஒரு தும்மல் போதும். "ரெனீ, எழுபத்தொண்ணு ஆயிருச்சு!" என்று கத்தினேன். ஒரு நொடி. இரண்டு நொடி. "சரிம்மா!" என்று வந்தது. உயிர் வந்தது. எண்பத்து நாலு. பார், கத்தினால் இதுவும் ஓடுகிறது.

நூறு. பத்து ஐம்பத்தேழுக்கு நூறு! படிக்கட்டுப் பெட்டி வெள்ளை விளக்கு காட்டியது, அதைப் பார்த்து மாடிப் பெட்டியும் சிவப்பிலிருந்து வெள்ளைக்கு வந்தது, போனில் மூன்று வட்டங்கள், ஹால், படிக்கட்டு, மாடி, ஒன்றையொன்று கோடு போட்டுப் பிடித்துக்கொண்டு நின்றன. மாடி என்ற வட்டத்துக்குக் கீழே இரண்டு பெயர்கள் டக் டக்கென்று வந்து உட்கார்ந்தன. ரெனி போன். ரெனி லேப்டாப். அந்தப் பெயர்களை வைத்தது நான். முதலில் ஏதோ எழுத்தும் எண்ணுமாக வந்தது, நம் பிள்ளைக்கு இப்படி ஒரு பெயரா என்று மாற்றினேன், அப்படித்தான் ஆரம்பித்தது, சத்தியமாக வேறு நினைப்பு இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் காபி குடிக்கக் கீழே இறங்கி வந்தபோது 'ரெனி போன்' மாடி வட்டத்தை விட்டுவிட்டு ஹால் வட்டத்துக்கு வந்ததைப் பார்த்துவிட்டேன். அவள் நடக்கிறாள், இங்கே பெயர் நடக்கிறது. அவள் மேலே போனாள், பெயரும் போனது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெங்களூரில் நாற்பது நிமிடம் இதை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்திருந்தால். அதற்கப்புறம் கையிலிருந்து போனை வைக்கவில்லை, விடிந்து எழுந்ததும் அதுதான், கோயிலில் பூசை நடக்கும்போதுகூட ஒரு தடவை முந்தானைக்குள் வைத்துப் பார்த்தேன், மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். இவர் கண்டுபிடித்துவிட்டார். "இது நல்லதுக்கில்ல பிலோ. அவளுக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவா." அவளுக்கும் தெரிந்துவிட்டது, நேற்று மூன்றாவது பெட்டியைச் சேர்க்கும்போது தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "என் பேரு எதுக்கும்மா அதுல இருக்கு?" "அதுவா வந்துச்சுடி." "அதுவா 'ரெனி'ன்னு வந்துச்சா?" அவள் சிரித்தாள். ஆறு மாதமாகவே அவள் சிரித்த முகமாகத்தான் இருக்கிறாள், மாத்திரை போட்டாயா என்றால் சிரிப்பு, தலை சுற்றுகிறதா என்றால் சிரிப்பு, டாக்டர் எழுதிய ரிப்போர்ட்டை நான் நடுங்கிக்கொண்டே பிரித்தபோதுகூட, "ஏம்மா, உனக்கு வந்த மாதிரி நடுங்கற" என்று கேலி. அவளுக்கு இருக்கிற தைரியத்தில் கால்வாசி எனக்கு இருந்தால் போதும் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

பதினோரு மணி. மீட்டிங் ஆரம்பித்திருக்கும். லேப்டாப் பெயருக்குப் பக்கத்தில் சின்ன அம்புக்குறிகள் மேலும் கீழும் ஓடுகின்றன, அவள் பேசுகிறாள், அவர்கள் பேசுகிறார்கள், உறையவில்லை, கட்டாகவில்லை. ஐந்து நிமிடம். பத்து நிமிடம். நான் அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன், எழுந்தால் எங்கேயாவது ஏதாவது கழன்றுவிடும் போல. குக்கரை வைக்கவில்லை, மிக்ஸி போடவில்லை, போட்டால் கரண்ட் குறைந்து பெட்டிக்கு ஏதாவது ஆகுமோ என்று சட்னியைத் தள்ளிப்போட்டேன். பதினைந்து நிமிடம் ஓடிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை அவள் போகமாட்டாள், போக வேண்டிய அவசியமில்லை, நெட் அருமையாக ஓடுகிறது, இனி என்ன காரணம் சொல்வாள், இங்கேயே இருக்கட்டும், ஒரு வருடம், இரண்டு வருடம், டாக்டர் மாத்திரையை நிறுத்தலாம் என்று சொல்கிறவரை. பதினொன்று பத்தொன்பதுக்கு லேப்டாப் பெயர் வெளிறிப்போனது. கறுப்பாக இருந்த எழுத்து சாம்பலாக, 'இணைப்பில் இல்லை'. மீட்டிங் முடிந்து மூடி வைத்திருப்பாள், சரி. பதினொன்று இருபதுக்கு 'ரெனி போன்' வெளிறியது. போன் எப்படிப் போகும்? போன் எப்போதும் அவளோடுதானே இருக்கும்? பெட்டி கெட்டுவிட்டதா என்று பார்த்தேன், மூன்று வட்டமும் கோடும் அப்படியே இருக்கின்றன, மாடி வட்டத்துக்குக் கீழே மட்டும் யாருமில்லை. திரையைக் கீழே இழுத்து விட்டேன், மறுபடி வரும் என்று, வரவில்லை. மறுபடி இழுத்தேன். 'இணைப்பில் இல்லை, ஒரு நிமிடம்.' அவள் நம்பருக்குக் கூப்பிட்டேன். ரிங் போகிறது, போகிறது, போகிறது, எடுக்கவில்லை, ரிங் நின்று அந்தப் பெண் குரல் வந்துவிட்டது. மேலே ஒரு சத்தமில்லை. 'இரண்டு நிமிடம்.' பல்ப் அணைந்திருக்கிறது. நான்தான் அணைத்தேன். "ரெனீ!" என்று கத்தக்கூடத் தோன்றவில்லை, எழுந்து ஓடினேன், முட்டி வலிக்கு டாக்டர் படி ஏறாதே என்று சொல்லி இரண்டு வருடம் ஆகிறது, படிக்கட்டுக் கம்பியைப் பிடித்து இழுத்து ஏறினேன், திருப்பத்தில் படத்தைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், ஒருக்களித்து, வாயில் எதுவும் திணிக்கக் கூடாது, தலைக்குக் கீழே ஏதாவது, சாவி சத்தம் போடுகிறது, சாவியை இடுப்பிலிருந்து உருவிக் கையில் இறுக்கிக்கொண்டேன், டாக்டர் கிடக்கிறார், சாவியைக் கொடுத்துவிடுவேன், கதவு, கதவு சாத்தியிருக்கிறது, கைப்பிடியில் கை வைத்துவிட்டேன்.

உள்ளே ரெனி பேசிக்கொண்டிருந்தாள். "இல்ல ஷர்மி, மொபைல் டேட்டாலதான் பேசறேன். வைஃபைய ஆஃப் பண்ணிட்டேன், அம்மா கீழ உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கும். இப்பக்கூட கால் பண்ணுச்சு." நிற்கிறாள், பேசுகிறாள், உயிரோடு இருக்கிறாள், எனக்கு அதுதானே தெரிய வேண்டும், தெரிந்துவிட்டது, இறங்கிப் போக வேண்டியதுதானே. இறங்கவில்லை. கைப்பிடியிலிருந்து கையை மட்டும் மெதுவாக எடுத்தேன். "பயமா இருக்குடி" என்றாள். அவள் குரல்தான், ஆனால் அந்தக் குரலை நான் கேட்டதில்லை, மெலிந்துபோய், தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி. "குளிக்கப் போறப்போ பயமா இருக்கு. பல்லு வெளக்கறப்போ பயமா இருக்கு. படி எறங்கறப்போ ஒவ்வொரு படியா எண்ணி எறங்கறேன், இதுலயா, இதுலயான்னு... அம்மாகிட்டயா? எப்படிச் சொல்றது? இந்த வீட்ல பயப்படற வேலையெல்லாம் அம்மாவே பாத்துருது, எனக்கு மிச்சமே வைக்கல. நான் லேசா மூஞ்சி சுருக்கினாக்கூட அது செத்துப்போயிடும். அதனால சிரிச்சுக்கிட்டே இருக்கேன். சிரிச்சு சிரிச்சு வாய் வலிக்குதுடி... அங்க வந்துட்டா ஒருநாளாவது கதவைச் சாத்திட்டு அழுதுக்கலாம். அதுக்குத்தான் ஞாயித்துக்கிழமை வர்றேன்னு சொல்றேன். நெட்டெல்லாம் சும்மா ஒரு சாக்குடி."

நான் அங்கேயே நின்றேன். எனக்கு அவமானமாக இருந்தது, துக்கமாக இருந்தது, அவள்மேல் கோபமாகக்கூட இருந்தது, அந்நிய வீட்டுப் பெண்ணிடம் சொல்வதை என்னிடம் சொல்லக்கூடாதா என்று. எப்படிச் சொல்வாள்? கத்திக் கத்தி, எண்ணி எண்ணி, விளக்கேற்றி, சாவி கட்டி, வட்டம் வட்டமாகப் பார்த்து, எல்லாவற்றையும் நானே அள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நோய் அவளுடையது. அவள் நோய்க்கு அவள் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தாள், ஆறு மாதமாக, சிரித்துக்கொண்டு. அப்போதுதான் கீழே வாசல் கதவு திறந்தது, இவர் குரல் வீடு அதிர வந்தது. "பிலோ! எங்க இருக்க? மாடிக்கா போயிட்ட?" உள்ளே பேச்சு நின்றது. என்னால் ஓட முடியாது, இந்த முட்டியை வைத்துக்கொண்டு எங்கே ஓட. கதவு திறந்தது. ரெனி நின்றாள், கையில் போன், கண் சிவந்து, அவசரமாகத் துடைத்ததில் மை கன்னத்துக்கு வந்திருந்தது. என்னைப் பார்த்தாள், கையிலிருந்த சாவிக்கொத்தைப் பார்த்தாள். அவள் வாய் சிரிக்கத் தயாரானது, நான் பார்த்தேன், இரண்டு ஓரமும் மேலே ஏறப்பார்த்தது. "எவ்வளவு நேரமாம்மா நிக்கற?" இப்பதான் வந்தேன், நெட்டு வருதான்னு பாக்க, என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. "பயமா இருக்குன்னு சொன்னதிலேருந்து" என்றேன். சிரிப்பு பாதியில் நின்றது. அவள் என் முகத்தைத்தான் பார்த்தாள், நான் உடையப்போகிறேனா, அழப்போகிறேனா, என்னைப் பிடிக்க வேண்டியிருக்குமா என்று. நான் முகத்தை அப்படியே வைத்திருந்தேன். எனக்கே தெரியாது அப்படி வைத்திருக்க முடியும் என்று. "உனக்குப் பயமா இல்லியாம்மா?" என்று கேட்டாள். "இல்லடி" என்றேன். என் வாழ்க்கையில் இவ்வளவு பெரிய பொய் சொன்னதில்லை, பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிக் கேட்க வேண்டும் போல இருந்தது, கேட்கவில்லை. "நீ பயப்படு பாப்பா. எவ்வளவு வேணும்னாலும் பயப்படு. கதவைச் சாத்திக்கிட்டு அழணும்னா சாத்திக்கோ, நான் எறங்கிப் போறேன்." அவள் கதவைச் சாத்தவில்லை. "ரொம்பப் பயமா இருக்கும்மா" என்று சொல்லி என் தோளில் முகத்தை வைத்தாள், உடம்பு குலுங்கியது, ஒரு கணம் அதுதான் வந்துவிட்டதோ என்று நினைத்தேன், இல்லை, அழுகைதான், வெறும் அழுகை. நான் அழவில்லை. ஒரு கையால் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். என் முட்டி இரண்டும் வெடவெடவென்று ஆடின, அது அவளுக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று இன்னொரு கையைப் பின்னால் நீட்டிக் கதவு நிலையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.